மழைக்கு முந்திய மராமத்து

தேனியை விட்டு மேற்கே திரும்பியதும் மலை கண்ணுக்கு நேரே வந்து நின்றுவிடுகிறது. போடிநாயக்கனூர் போய்ச் சேரும்வரை அது விலகுவதில்லை. ஊர் அதன் காலடியில்தான் முடிகிறது, தண்டவாளமும் அங்கேதான் முடிகிறது. மதுரையிலிருந்து இந்த அடிவாரம் வரை 1928 நவம்பரில் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியதற்கு மேலே விளைந்த ஏலமும் தேயிலையுமே முதற்காரணம். இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். போர் முடிந்து, நாடு விடுதலை பெற்று, ஐம்பதுகளில்தான் அவை திரும்பி வந்தன. பிறகு அகலப்பாதைக்காக 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு ரயில் நின்றது. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூன் 15-ஆம் தேதியும் அது மறுபடி வந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டரை ஆண்டுகள். போடிக்காரர்கள் அத்தனை ஆண்டும் பேருந்தில் போய்வந்து பொறுத்துக்கொண்டார்கள். கருங்கல் ஜல்லியும் மண்மேடும் பொறுத்துக்கொண்டன. ரயில்பாதை காத்திருக்கக்கூடிய பொருள். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்து மேலே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். காத்திருக்க முடியாத பொருள்கள் சில இந்த ஊரிலும் மேலே மலையிலும் இருக்கின்றன. அவை பழைய வீடுகள்.

போடியிலிருந்து ஏலமலைக்கு ஏறி இறங்கும் இந்தப் பயணத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய வீட்டைச் செப்பனிடுவது என்பதை நம் சட்டங்களும் அலுவலகங்களும் ஒரு தனி வேலையாகப் பார்ப்பதே இல்லை. கட்டுவது, இடிப்பது என்ற இரண்டு வினைகள்தான் அவற்றுக்குத் தெரியும். நடுவில் இருக்கும் மூன்றாவது வினைக்கு நம் மொழியில் மராமத்து என்று நல்ல சொல் உண்டு. ஏரி, கண்மாய், வாய்க்கால்களுக்கு அந்தச் சொல் இன்றும் ஆட்சியில் இருக்கிறது. பொதுப்பணித் துறையை மராமத்து இலாகா என்று அழைத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்துக்கு 1858-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இருந்தது. தமிழக அரசு 2017-இல் அதே பெயரில் நீர்நிலைகளைத் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. கண்மாய்க் கரையை ஆண்டுதோறும் பார்க்காவிட்டால் உடையும் என்று தெரிந்துவைத்திருந்த சமூகம், வீட்டின் கூரைக்கும் அதே நியதிதான் என்பதை அரசாணையில் எழுத மறந்துவிட்டது.

போடி பழைய பாளையப்பட்டு. விசுவநாத நாயக்கர் காலத்தில் வகுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் எழுபத்திரண்டு பாளையங்களில் ஒன்று. பாளையம் பின்னாளில் ஜமீனாயிற்று. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீனும் போயிற்று. அரண்மனை மட்டும் நின்றது. அதன் லட்சுமி மகாலில் இராமாயணக் காட்சிகள் சுவரோவியங்களாக உள்ளன. தமிழகச் சுவரோவியங்களை ஆராய்பவர்கள் தேடிவரும் இடங்களில் அதுவும் ஒன்று. சுவரில் தீட்டிய ஓவியத்துக்கு முதல் எதிரி வெயிலோ வயதோ அன்று, கூரைதான். மேல்தளத்தில் ஒரு விரிசல் விழுந்து, ஒரு ஐப்பசி மழை இறங்கினால் போதும். சுண்ணாம்புப் பூச்சு உப்பி, வண்ணம் செதில் செதிலாக உதிரும். ஓவியத்தைக் காப்பது என்றால் பாதி வேலை மொட்டைமாடியில் நடக்கிறது. அரண்மனையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஓவியத்தைப் பார்க்கிறார்கள், தளத்தைப் பார்ப்பதில்லை.

தளம் என்றால் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கட்டைக்குத்துத் தளம். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த தட்டையான மேல்தளம். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ந்த சாந்து அது. போடி மழை மறைவில் இருக்கும் ஊர். தென்மேற்கு மழை மலைக்கு மேற்கே கொட்டித் தீர்ந்துவிடும், இந்தப் பக்கம் ஆடிக்காற்றும் கொஞ்சம் சாரலும்தான் இறங்கிவரும். ஆகவே தட்டைத் தளம் இங்கே தாங்கும். மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை தட்டோட்டின் இடுக்குகளுக்குச் சாந்து பூசிவிட்டால் நூறாண்டு நிற்கும். பூசாமல் விட்டால் உத்தரத்தின் சுவரேறிய முனை முதலில் மக்கும். அது வெளியே தெரியாது. தெரியும்போது தளம் தொய்ந்திருக்கும். அப்போது வீட்டுக்காரர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி உத்தரத்தை மாற்றலாம், அல்லது இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம். முதல் வழிக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, கடன் எளிதில் கிடைப்பதில்லை, எந்த அலுவலரிடம் போவது என்றும் தெரியாது. இரண்டாவது வழிக்கு வரைபடம், கட்டணம், அனுமதி, வங்கிக் கடன் எல்லாம் ஒழுங்காக உண்டு. மக்கள் பழமையை மதிப்பதில்லை என்று சலித்துக்கொள்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாகத்தான் போகிறார்கள்.

கடைவீதிப் பக்கம் காற்றிலேயே ஏலம் மணக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய்க்கான மின்னணு ஏலம் நடப்பது இரண்டு இடங்களில்: ஒன்று இந்த ஊரில், இன்னொன்று மலைக்கு அப்பால் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில். காய் விளைவது பெரும்பாலும் கேரளத்து மண்ணில். அதைத் தரம் பிரித்து, சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காயைத் தனியே பொறுக்கி, நாடெங்கும் அனுப்பும் வியாபாரத்தில் பெரும்பங்கு போடியினுடையது. 2019 ஆகஸ்டில், முந்தைய ஆண்டு வெள்ளத்தின் விளைவாகக் காய் அருகிப்போன நேரத்தில், கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. விலை ஏறினால் இந்த ஊரில் புது வீடுகள் முளைக்கும், இறங்கினால் பழைய வீடுகள் விலைக்கு வரும். ஊரின் கட்டட வரலாறே ஏலச்சீட்டில் எழுதியதுதான். ஆனால் இந்த வியாபாரத்தின் பாதி வீடுகள் ஊருக்குள் இல்லை. அவை மேலே, எல்லைக்கு அப்பால் இருக்கின்றன.

அடிவாரத்து முந்தலைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடியும் முன்பே இந்தச் சாலையில் ஜீப்புகள் ஏறிவிடும். போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்தும் இப்படியே கம்பம்மெட்டு வழியாக மேலே போகிறவர்கள் உண்டு. நாள்தோறும் ஒரு மாநிலத்தில் தூங்கி எழுந்து இன்னொரு மாநிலத்தில் வேலை செய்யும் இந்த வாழ்க்கை நேற்று வந்ததன்று. ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமையாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலையில் அதைப் பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் மதுரைச் சீமையிலிருந்து, அதாவது போடி, கோம்பை, உத்தமபாளையம், கம்பம் பக்கத்திலிருந்து ஏறிப்போன குடியானவர்கள். 1896-இல் அந்தத் தனியுரிமை நீங்கி நிலவரி வந்தது. தோட்டம் என்றானதும் வீடும் வந்தது.

போடிமெட்டு உச்சியில் ஒரு சோதனைச் சாவடிக்கும் இன்னொரு சோதனைச் சாவடிக்கும் நடுவே எல்லாம் மாறுகிறது. காற்று ஈரமாகிறது. வெயில் காய்ந்த கரிசல் வாடை போய் இலைமக்கு வாடை வருகிறது. எழுத்து மாறுகிறது. கூரையும் மாறுகிறது: தட்டைத் தளம் மறைந்து, சரிந்த ஓட்டுக்கூரையும் தகரக்கூரையும் தொடங்குகின்றன. மேற்கிலிருந்து வரும் மழை முழுவதையும் வாங்கும் சரிவு இது. கல்லைச் செதுக்கி எழுப்பிய சுவர், மேலே காட்டுமரத்துச் சட்டம், அதன்மேல் மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரை மலைகளையெல்லாம் மூடிவிட்டது. பின்னே வந்த தகரம் மலிவு என்பதால் ஓட்டை ஒதுக்கியது. தோட்டத்து வீடு என்பது தனியாக நிற்பதன்று. அதை ஒட்டியே ஸ்டோர் இருக்கும். பறித்த பச்சைக்காயை அன்றைக்கே அங்கே கொண்டுவந்து, கழுவி, தட்டுகளில் பரப்பி, அடியில் விறகு எரிக்கும் அடுப்பின் சூட்டைக் குழாய்கள் வழியாக அறைக்குள் விட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் வாட்டுவார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ காய்ந்த காயாகும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும். சுவர் கனமாக, கூரை ஒழுகாமல் இருந்தால்தான் சூடு ஒரே சீராக நிற்கும். இங்கே வீட்டின் மராமத்தும் காயின் விலையும் ஒரே கணக்கில் வருகின்றன.

இப்போது இந்த வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்ற கேள்விக்கு வரலாம். பாட்டன் கட்டியபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர் போடியில், பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகன். 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் சென்னையோடு சேரவேண்டும் என்று ஐம்பதுகளில் தமிழர்கள் போராடினார்கள்; மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அதை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப்பக்கம் வந்தன, ஏலமலை அந்தப்பக்கமே நின்றது. 1972-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, அதைச் சுற்றி ஆட்சி மாறிக்கொண்டே வந்தது. கடல் கடக்காமலே வெளிநாட்டில் வீடு வைத்திருப்பவர் நிலைதான் போடிக்காரருடையது. பத்திரம் அவர் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது, பழைய பத்திரமானால் கொல்லம் ஆண்டில் தேதியிட்டிருக்கிறது. இங்கே பட்டா மாறுதல் என்பது அங்கே போக்குவரவு. இங்கே வரி ரசீது, அங்கே கரம் அடைத்த சீட்டு. பட்டணத்தில் பிள்ளைகள் பிரிந்துபோய் வாரிசுச் சான்று ஒரு மாநிலத்திலும் சொத்து இன்னொரு மாநிலத்திலுமாக நிற்கும்.

ஆயினும் மொழியும் முத்திரையும் சிறு தடைகள்தான். பெரிய தடை ஓர் இலக்கத்தில் இருக்கிறது. 1897 ஆகஸ்டில் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காடுகள் என்று ஒரு பரப்பைக் காப்புக்காடாக அறிவித்தது. அந்தப் பரப்பு 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் வாதம். 2,15,720 ஏக்கர் என்பது சூழல் அமைப்பினரின் வாதம். முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா என்பதே வழக்கின் சாரம். அது உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2024 அக்டோபரில் அந்தப் பகுதியில் புதிய பட்டா வழங்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. '2' இருந்தால் பல ஊர்கள், கடைத்தெருக்கள், பள்ளிகள், ஸ்டோர்கள் எல்லாம் காட்டுக்குள் வந்துவிடும். இல்லாவிட்டால் அவை வருவாய் நிலம். தீர்ப்பு வரும்வரை ஏலமலையின் நிலம் வருவாய்த் துறையின் கையில், மரங்கள் வனத்துறையின் கையில் என்ற இரட்டை ஆட்சி தொடர்கிறது. தன் நிலத்தில் விழுந்த மரத்தை அறுத்துத் தன் வீட்டுச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளத் தோட்டக்காரருக்கு உரிமையில்லை. தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி போன்றவை அரசு மரங்கள். நூறாண்டுக்கு முன் எந்தக் காட்டிலிருந்து வந்த மரத்தால் வீடு கட்டினார்களோ, அந்தக் காட்டின் நடுவே நிற்கும் வீட்டுக்கு இன்று இரும்புக் குழாயும் வெளிநாட்டு மரமும் லாரியில் ஏறுகின்றன.

பட்டாவின் நோக்கம் இன்னொரு சிக்கல். ஏலம் பயிரிடக் கொடுத்த நிலத்தில் ஏலத்துக்கு வேண்டிய கட்டடங்களுக்கு மட்டுமே இடமுண்டு. 2019 ஆகஸ்டில் வந்த ஓர் அரசாணைக்குப் பின் இடுக்கியில் கட்டட அனுமதி கேட்பவர் தன் நிலம் எந்த நோக்கத்துக்காகப் பதித்துக் கொடுக்கப்பட்டது என்று வில்லேஜ் ஆபீசில் சான்று வாங்கவேண்டியதாயிற்று. இந்தக் கெடுபிடியைத் தளர்த்த 2023 செப்டம்பரில் கேரளச் சட்டமன்றம் நிலப்பதிவுத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்தது. இடையில் இரண்டு மழைக்காலங்கள். வடகிழக்கு மழை ஒன்று, கோடை மழை ஒன்று.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்றுண்டு. சிறு மராமத்துக்கு அனுமதியே வேண்டாமே, பிறகென்ன குறை? கேரளத்துக் கட்டட விதிகளிலும் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளிலும் வெள்ளையடித்தல், பூச்சு, சரிந்த கூரையின் சில்லறைப் பழுது ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. நேர்மையான விதி அது. ஆனால் அந்த விதி ஒரு நல்ல நிலையில் உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதியது. வாரிசு வழக்கு ஐந்து ஆண்டு, போக்குவரவு மூன்று ஆண்டு, நோக்கச் சான்று இரண்டு ஆண்டு என்று வீடு பூட்டிக் கிடந்தபின், பழுது சில்லறையாக இருப்பதில்லை. மாற்றாத ஓர் ஓடு ஒரு கைம்மரத்தை மக்கவைக்கிறது. மக்கிய கைம்மரம் உத்தரத்தை இறக்குகிறது. இறங்கிய உத்தரம் சுவரைத் தள்ளுகிறது. உத்தரமும் சுவரும் கட்டமைப்பு. கட்டமைப்பில் கைவைத்தால் அனுமதி வேண்டும். அனுமதிக்கு நோக்கச் சான்று வேண்டும். தாமதம்தான் சிறு மராமத்தைப் பெரு மராமத்தாக்குகிறது. பெரு மராமத்து என்றானதும் புதிய தாமதம் தொடங்குகிறது. கோப்பை மேசையில் வைத்திருக்கும் அலுவலர் தான் இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்றே நினைக்கிறார். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சென்டிமீட்டர் மழை பெய்யும் சரிவில் அப்படி ஒரு நிலை கிடையாது. கையெழுத்துப் போடாத ஒவ்வொரு ஜூன் மாதமும் இடிப்பதற்குப் போட்ட கையெழுத்துதான்.

பூப்பாறையைத் தாண்டிச் சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் திரும்பினால் இரண்டாவது மறுப்பு கண்ணெதிரே எழும்பி நிற்கிறது. வார இறுதியில் மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. அணைநீரைப் பார்த்து ஒரு படம், மேகத்தோடு ஒரு படம், குறிஞ்சி பூத்த ஆண்டானால் பூவோடு ஒரு படம். 2018-இல் கொழுக்குமலையிலும் 2022-இல் சாந்தன்பாறைக் கள்ளிப்பாறையிலும் நீலக்குறிஞ்சியைக் காண மக்கள் திரண்டார்கள். விடுமுறைக்கு மலைக்கு வருவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை; மலையைப் பார்க்காமல் மலையைக் காக்கச் சொல்லி யாரையும் கேட்கமுடியாது. ஆனால் வருபவர்கள் தங்குவதற்கென்று ஏலப்பட்டா நிலத்தில் எழுந்த பல மாடிகளைப் பார்த்தபின், இந்த மாவட்டத்து அதிகாரிகள் எல்லா விண்ணப்பத்தையும் ஐயத்தோடு பார்ப்பதைக் குற்றம் சொல்லக் கடினமாக இருக்கிறது. 2007-இல் மூணாறில் மண்வாரி எந்திரங்களைக் கொண்டு விடுதிகளை இடித்தார்கள். 1999-இல் தேவிகுளத்தில் கொடுத்த 530 பட்டாக்கள் முறைகேடானவை என்று 2022-இல் ரத்து செய்ய ஆணையிட்டார்கள். மராமத்து என்று ஒரு கதவைத் திறந்தால் அதன் வழியே விடுதிக்காரர் நுழைவார் என்பது கற்பனைப் பயமன்று. பக்கத்திலேயே சான்று இருக்கிறது: பதித்துக் கொடுத்த நிலத்தில் விவசாயிகள் மரம் வெட்டிக்கொள்ளலாம் என்று கேரள அரசு 2020 அக்டோபரில் ஓர் ஆணை போட்டது, அடுத்த பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் வயநாட்டு முட்டிலில் நூற்றாண்டு கண்ட ஈட்டி மரங்கள் சாய்ந்துவிட்டன.

இந்த மறுப்பைத் தள்ளிவிட்டுப் போகக்கூடாது, எதிர்கொண்டாக வேண்டும். முட்டிலில் தவறியது எங்கே? ஆணையில் அளவு இல்லை. எத்தனை மரம், எதற்கு என்று கேட்கவில்லை. மராமத்தின் இயல்பே அளவுதான். இருந்த உத்தரத்தின் நீளம் தெரியும், கனம் தெரியும், எண்ணிக்கை தெரியும். கட்டடத்தின் தரைப்பரப்பும் உயரமும் கூரைச் சரிவும் மாறாமல், இருந்த பொருளே திரும்ப வருமானால் அது மராமத்து. ஓர் அடி கூடினாலும் அது கட்டுமானம். இங்கிலாந்தில் பட்டியலிட்ட பழைய கட்டடங்களுக்கு இந்த வேறுபாடு நடைமுறையில் உள்ளது. இருந்தது இருந்தபடியே செய்யும் பழுதுக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. மாற்றம் செய்வதற்குத் தேவை, அதற்கான முடிவையும் எட்டு வாரத்தில் சொல்லவேண்டும் என்று காலவரை உண்டு. ஆள் வெளியேறிய இத்தாலியச் சிற்றூர்களில் பாழ்வீடுகளை ஒரு யூரோவுக்கு விற்கிறார்களே, அங்கும் வாங்குபவர் பிணைத்தொகை கட்டிக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் வீட்டைச் செப்பனிட்டு முடிக்கவேண்டும் என்று கட்டுப்பாடு. அந்நியர்கள் அங்கே போய் வீடு வாங்கிவிட்டுக் கோப்புகளோடு போராடும் கதைகளும் நிறைய உண்டு. அந்த ஊர்க்காரர்களும் தேவர்கள் அல்லர். ஆனால் கால வரையறை என்ற ஒன்று இருக்கிறது. நம்மிடம் நடைமுறையில் விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் கெடு.

விடுதிக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. தாமதம் விடுதிக்காரரைத் தடுப்பதில்லை. அவர் முதலில் கட்டிவிட்டுப் பிறகு வழக்காடுகிறார்; வழக்கு நடக்கும் ஆண்டுகளில் அறைவாடகை வந்துகொண்டிருக்கிறது. காத்திருப்பு தண்டிப்பது விதிக்குக் கட்டுப்பட்டு ஓடு மாற்ற அனுமதி கேட்டு நிற்பவரை மட்டும்தான். குற்றத்தைத் தடுக்கப் போட்ட வேலி குற்றம் செய்யாதவரை மட்டும் நிறுத்துகிறது என்றால் வேலியின் இடத்தை மாற்றியாகவேண்டும்.

மூன்றாவது மறுப்பு யானைகளுடையது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருவில் நடந்தது; ஜூனில் தமிழக வனத்துறை மறுபடி பிடித்துத் தெற்கே களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அரிசி தேடி அது உடைத்த வீடுகளில் பலவும் ஏழைகளுடையவை. இந்த மலை ஏலத்துக்கு முன், வீட்டுக்கு முன், யானைக்குச் சொந்தம் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். அதனால்தான் புதிய வீடு வேண்டாம் என்கிறேன். ஏலம் நிழலில் வளரும் செடி. பெருமரங்கள் நின்றால்தான் தோட்டம் நிற்கும். பழைய தோட்டமும் அதன் நடுவே பழைய வீடும் அந்த மரநிழலுக்குப் பழகிவிட்டவை. வீடு இடிந்தால் அந்த இடம் காடாகத் திரும்புவதில்லை. தோட்டக்காரர் சலித்துப்போய் நிலத்தைக் கைமாற்றுகிறார். வாங்குபவர் ஸ்டோரைப் பார்த்து வாங்குவதில்லை, பள்ளத்தாக்கு தெரியும் காட்சியைப் பார்த்து வாங்குகிறார்.

நான்காவது மறுப்புதான் எனக்குக் கனமானது. பங்களாவுக்கு இவ்வளவு கவலைப்படுகிறாயே, லயம் என்னாகிறது? மூணாறுப் பக்கம் தேயிலைச் சரிவுகளில் நீளநீளமாக நிற்கும் அந்த வரிசை வீடுகளும் பழைய வீடுகள்தான். ஓர் அறையும் ஒரு சமையலிடமும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பிறந்து வளர்ந்த வீடுகள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதையும் அதைப் பழுது பார்ப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. பீருமேட்டில் 2000-க்குப் பிறகு மூடிக்கிடந்த தோட்டங்களில் கடமையைச் செய்ய முதலாளி இல்லை, உரிமையோடு செய்யக் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். அவர்களின் உறவினர் பலர் நம் தென்மாவட்டங்களில் இருந்தார்கள். அந்த மண்சரிவை எந்த மராமத்தும் தடுத்திருக்காது. அதை வாதத்துக்காக இங்கே இழுக்க நான் விரும்பவில்லை. ஆனால் தலைமுறைகளாகக் குடியிருந்தும் தன் தலைக்கு மேலுள்ள தகரத்தைத் தன் விருப்பப்படி மாற்ற உரிமை இல்லாத ஒருவரும், சொத்து தன் பெயரில் இருந்தும் உத்தரத்தை மாற்ற முடியாத இன்னொருவரும், மிகவும் வேறுபட்ட உயரங்களில், ஒரே குறையால் நனைகிறார்கள். மராமத்துக்கென்று தனிச் சட்டம் வருமானால் அதன் முதல் விதி லயத்துக்காக இருக்கவேண்டும்: குடியிருப்பவர் எழுதிக் கொடுத்தாலே போதும், உடைமையாளர் ஒப்பம் வரக் காத்திருக்க வேண்டாம். பங்களாவின் முறை இரண்டாவது.

செய்து காட்டியவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். புதுச்சேரியின் வைசியாள் வீதியில், இந்திய மரபுரிமை அமைப்பான இன்டாக்கின் துணையோடு, தமிழ் வீடுகளின் முகப்பும் தாழ்வாரமும் சீரமைந்தன. அந்தத் தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் பழைய வீடுகள் மீண்டன. இரண்டு ஊரிலும் வீடுகள் கிட்டத்தட்ட இருந்த வடிவத்திலேயே திரும்பின. மறுபக்கத்தில் செட்டிநாடு இருக்கிறது. பங்காளிகள் பல கண்டங்களில் சிதறி, ஒருவர் கையெழுத்து வராமல் பூட்டிய வீட்டின் நிலையும் தூணும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்கின்றன. தமிழக அரசு 2012-இல் மரபுரிமை ஆணையச் சட்டம் நிறைவேற்றிவிட்டு ஆணையத்தை அமைக்காமல் ஆண்டுகளைக் கடத்தியது. அந்த ஆண்டுகளில் இடிந்தவற்றுக்குக் கணக்கில்லை.

சூரியநெல்லியிலிருந்து ஜீப் மட்டுமே ஏறக்கூடிய பாதையில் கொழுக்குமலைக்குப் போகலாம். மண் தமிழ்நாட்டினுடையது, தேனி மாவட்டம், போடி வட்டம், பாதை கேரளத்தினுடையது. ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரத்தில், 1930-களில் நிறுவிய தேயிலைத் தோட்டத்தின் பழைய தொழிற்கூடம் இன்றும் பழைய முறையிலேயே இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, வறுக்கிறது. பார்க்க வருபவர்கள் மரப்படிகளில் ஏறி இறங்குகிறார்கள். ஒரு கட்டடம் பயன்பாட்டில் இருந்தால் அதன் கூரையைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கு இதைவிட உயரமான சான்று கிடைக்காது. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் மலை செங்குத்தாக விழுந்து, குரங்கணிப் பள்ளத்தாக்கும் கொட்டகுடி ஆறும் அதற்கப்பால் போடி சமவெளியும் தெரிகின்றன. இந்தச் சரிவில்தான் 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, 2024-இல் வனத்துறையே வழிகாட்டிகளோடு பாதைகளைத் திறந்தது. அவற்றில் குரங்கணியும் ஒன்று. தடுப்பதா, கட்டுப்பாடின்றி விடுவதா என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியை அரசால் வகுக்க முடியும் என்பதற்கு அது உதாரணம். கால் நடக்கும் பாதைக்கு முடிந்தது, வீட்டுக் கூரைக்கு முடியாதா?

வடக்கே டாப் ஸ்டேஷனிலிருந்து ஒருகாலத்தில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின, அங்கிருந்து போடி. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குறும்பாதை ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, கம்பிவடமும் பிறகு நின்றது. அவற்றைத் திரும்பக் கட்டச் சொல்ல நான் முனையவில்லை. வேலை முடிந்த பொருள்கள் அவை, காடு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஸ்டோர்களின் வேலை முடியவில்லை. காய் இன்னும் விளைகிறது, இன்னும் வாட்டவேண்டியிருக்கிறது.

ஏலமலையில் மராமத்துக்கு உகந்த காலம் மிகக் குறுகியது. கடைசிக் காய்பறிப்பு முடிந்து, மாசி, பங்குனி, சித்திரை. ஓட்டைப் பிரித்து, மக்கிய சட்டத்தை எடுத்து, புதுச்சட்டம் வைத்து, உடையாத ஓட்டைத் திரும்ப அடுக்கி, உடைந்ததற்கு மாற்று வாங்க அந்த மூன்று மாதந்தான். எட்டு வாரக் கெடு என்று எழுதினால் போதாது. தை மாதத்தில் கொடுத்த மனுவுக்கு மாசி பிறக்கும்முன் பதில் என்று எழுதவேண்டும். இரண்டு மாநில வருவாய்த் துறையும் ஒருவர் சான்றை ஒருவர் ஏற்றால், வனத்துறை அளந்து கொடுக்கும் மரத்துக்கு முத்திரை குத்தினால், சித்திரையில் ஓடு ஏற்றிய லாரி முந்தலிலிருந்து பதினேழு வளைவையும் ஏறி முடித்துவிடும். வைகாசிப் பாதியில், மலையாளத்தார் இடவப்பாதி என்று சொல்லும் நாளில், மேற்கிலிருந்து மேகம் போடிமெட்டுக்கு வந்துசேரும்.